வயோலா நாற்காலியில் அன்று யார்?

வயோலாக்காரரின் கதையை அவர் பிறந்த வருஷத்திலிருந்து ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு கையெழுத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஒலிப்பதிவுக்கூடத்து வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டது தன் பெயரை அல்ல, நண்பனின் பெயரை. அந்த ஒரு கிறுக்கல் அவருடைய ஆயுளில் ஆறு வருஷத்தைத் தின்றுவிட்டது.

பாட்டுப் பதிவுகளுக்கு வாத்தியம் வாசிக்கும் அந்தத் தொழிலில் அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஒரு மாதத்தில் மூன்று நாள் வராவிட்டால் நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பது வாத்தியக்காரர் சங்கத்தின் விதி. ஒரே நாளில் இரண்டு இடத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டது தெரிந்தால் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். அதற்காக, பெரிய இசையமைப்பாளர் திடீரென்று ஆள் அனுப்பினால் யார் மாட்டேன் என்பார்கள்? "என் நாற்காலியக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று ஒருவர் இன்னொருவர் காதில் போட்டுவிட்டு ஓடுவார். பார்த்துக்கொள்பவர் ஓடியவர் பெயரில் கையெழுத்துப் போட்டு, ஓடியவரின் இசைத்தாளைப் பார்த்து வாசித்துவிட்டு வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள். இன்றைக்கு அவர் என்றால் நாளைக்கு நாம்.

அன்று தன் நாற்காலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேறு கூடத்துக்கு ஓடிய நண்பன் பெயர் மீசை. மீசைக்கு மீசை கிடையாது. இசைப்பள்ளியில் ஒரு வருஷம் முழுக்க வளர்க்கப் பார்த்துத் தோற்றதால் வந்த பெயர். இருவரும் ஒரே வகுப்பு. இருவரும் வயலின் கற்கப் போனவர்கள். வயலினுக்கு ஆள் நிரம்பி வழிந்ததால், ஆசிரியர் இரண்டு பேர் கையிலும், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, குரல் தடித்த வயோலாவைத் திணித்துவிட்டார். சளி பிடித்த வயலின் என்று மற்றவர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள். ஒரு பாட்டில் வயோலா இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தோன்றும், இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வயோலாக்காரரும் கிட்டத்தட்ட அந்த மாதிரி ஆள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு, அவர் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரைக் கடைக்குள்ளேயே யாரோ ஒருவன் அடித்துப் போட்டுவிட்டு ஓடினான். மண்டையில் அடிபட்ட அவருக்கு அன்றைய தினமே நினைவிலிருந்து அழிந்துபோயிற்று. எதிர்ப்பக்கத்துச் சலவைக்கடைக்காரி மட்டும் ஓடியவனைப் பார்த்தாள். கையில் நீளமான கறுப்புப் பெட்டி இருந்தது என்றாள். அந்த வட்டாரத்தில் தினமும் நீளமான கறுப்புப் பெட்டியோடு நடப்பவர் ஒரே ஒருவர்தான்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் போலீஸ்காரர்கள் வந்து வயோலாக்காரரை அழைத்துப் போனார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. "காலையில எங்க இருந்தே?" என்று மட்டும் கேட்டார்கள். சங்கத்தில் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள், மீசையின் நாற்காலிக்கு ஆபத்து என்றுதான் அவர் மனம் போயிற்று. கூடத்துக்காரர்கள் நினைப்பெல்லாம் நாற்காலியைச் சுற்றித்தானே! "வீட்டுல தூங்கிட்டிருந்தேன்" என்றார்.

அந்த வார்த்தையை எழுதிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் என்னவென்று அவருக்குத் தெரிந்தது. ஸ்டூடியோவில் இருந்தேன், நண்பனுக்குப் பதிலாக வாசித்தேன் என்று உண்மையைச் சொன்னார். அதை 'பிறகு மாற்றிச் சொன்னார்' என்று ஒரே வரியில் எழுதினார்கள். பதிவேட்டைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை, மீசையின் பெயர் இருந்தது. மீசையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என் கையெழுத்துதான். நான்தான் வாசிச்சேன்" என்றான். பின்னால் நீதிமன்றத்திலும் கை உயர்த்திச் சத்தியம் செய்து அதையே சொன்னான். அன்று கூடவே வாசித்த மற்ற ஒன்பது பேரை யாரும் கூப்பிடவில்லை. அவர்களும் தாமாக வரவில்லை. அப்போதிருந்த வக்கீல், "நீங்க கூண்டுல ஏறினா இன்னும் கெட்டுப்போகும்" என்று சொல்லி இவரைப் பேசவே விடவில்லை. எட்டு வருஷம் தீர்ப்பாயிற்று.

தெரு இரண்டாகப் பிரிந்தது. அந்த மனுஷன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டார் என்றது ஒரு பாதி. ஒன்றுமில்லாமலா எட்டு வருஷம் கொடுப்பார்கள் என்றது மறுபாதி. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்த அவருடைய தங்கைக்கு 'வாட்ச் கேஸ்காரன் தங்கச்சி' என்று பெயர் ஆகிவிட்டது. தையல் இயந்திரச் சத்தத்தையும் மீறி அது அவள் காதில் விழும்.

சிறையில் ஆரம்பத்தில் அவர் யாரோடும் பேசவில்லை. விரல்கள் மறந்துவிடக் கூடாதே என்று இடது கை விரல்களை வலது முன்கையில் அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டிருப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சொறியா தம்பி? வார்டர்கிட்ட சொன்னா களிம்பு தருவாரு" என்றார். வாத்தியம் வாசிப்பவர் என்று தெரிந்ததும், "நாலு கம்பிக்காரன் நாப்பது கம்பி எண்ண வந்திருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார். சிறைக்கு வந்த பிறகு இவர் முதல் முறையாகச் சிரித்தது அன்றுதான். பிறகு அந்த மனிதருக்கு ஒரு மனு எழுதிக்கொடுத்தார். இசைத்தாள் எழுதிப் பழகிய கை என்பதால் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அடுத்த வாரம் வாசலில் நான்கு பேர் நின்றார்கள்.

மனு எழுத வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டேஷன்ல முதல் ஒரு மணி நேரத்துல என்ன சொன்னீங்க?" பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அறுபத்து மூன்று பேரில் முப்பத்தெட்டுப் பேர் முதலில் சொன்னது பொய். குற்றத்தை மறைக்கச் சொன்னவர்கள் கொஞ்சம்தான். ஒருவர் முதலாளியிடம் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றியிருந்தார். ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் மருத்துவமனைக்குப் போயிருந்தார். ஒருவர் தம்பியின் வண்டியைக் கேட்காமல் எடுத்திருந்தார். எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாததால் ஒவ்வொருவரும் தன்னுடைய சின்ன வெட்கத்தை மறைக்கப் பொய் சொன்னார்கள். பிறகு அந்தப் பொய்யே கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆறு வருஷத்தில் வெளியே வந்தபோது அந்த நோட்டு மட்டும்தான் கையில் இருந்தது. சங்கம் அவர் பெயரை அடித்துவிட்டிருந்தது. டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறையில் உட்கார்ந்து வழக்கு நடத்திய ஒரு வக்கீலம்மாவிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் தன் மேசைக்கு எதிரே ஒரு பழைய மேசையை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் அவர் வேலை. எதற்காக விசாரிக்கிறோம் என்று சொல்லாமல் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது, வக்கீல் வரும்வரை காத்திருக்க வேண்டும், முழு விசாரணையையும் பதிவு செய்ய வேண்டும். இந்த மூன்றையும் சட்டமாக்கச் சொல்லிப் படியேறாத அலுவலகம் இல்லை. உள்ளங்கை அளவு அட்டை அச்சடித்து ஆலை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் நின்று கொடுப்பார். "எதற்கு என்று கேளுங்கள். வக்கீல் வரும்வரை பேசாமல் இருங்கள். அது உங்கள் உரிமை." சிலர் வாங்கிப் படித்தார்கள், சிலர் பல் குத்திக்கொண்டார்கள். "நீ தப்புப் பண்ணலேன்னா எதுக்குய்யா பயம்?" என்று கேட்பவர்களிடம், "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்பார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று யாராவது துருவினால், "ஒரு காரணம் இருந்தது" என்பதோடு சரி. மீசையின் பெயரை ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

ஆனால் தண்டனை என்கிற முத்திரை விட்டபாடில்லை. சிறைக்குள் போய் ஆட்களைப் பார்க்க அனுமதிச் சீட்டு கேட்டால், தண்டனை பெற்றவர் என்று திருப்பி அனுப்பினார்கள். அலுவலகங்களில் அவருடைய மனுவை விட்டுவிட்டு அவருடைய பழைய தீர்ப்பைப் படித்தார்கள். வக்கீலம்மா மறுவிசாரணை மனு போட்டாள். இரண்டு முறை தள்ளுபடி ஆயிற்று. மூன்றாவதை எடுத்துக்கொண்ட நீதிபதி, புதிய சாட்சியம் இருந்தால் கொண்டு வாருங்கள், இதுதான் கடைசி என்று சொல்லி ஒரு தேதி கொடுத்தார். தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அன்றைய பாட்டைப் பதிவு செய்து, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஒலிப்பதிவாளருடைய பழைய நோட்டு வக்கீலம்மாவின் கைக்கு வந்தது.

"இதப் படிங்க" என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

சம்பவம் நடந்த தேதி. பென்சில் எழுத்து. 'பதினொன்று ஐந்து: வயோலாவில் தடித்த கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி வர முப்பத்தைந்து நிமிடம். யாரும் வெளியே போகவில்லை.'

வயோலாக்காரருக்கு அந்தச் சத்தம் காதில் கேட்டது. "என் கையிலதான் அறுந்துச்சு" என்றார்.

"அது எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாதே. இதுல வயோலான்னுதான் இருக்கு, பேர் இல்ல. பதிவேட்டுல அவர் பேர் இருக்கு. உங்களுக்கு இந்த விஷயம் தெரியும்னு சொன்னா, யாரோ சொல்லிக் கேட்டீங்கன்னு முடிச்சுடுவாங்க." வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவருக்குத் தெரியாது பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. கூண்டுல ஏத்தி, அன்னிக்கு வேலை நடுவுல நின்னுச்சான்னு சும்மா கேப்பேன். இல்லம்மா, ஒரே மூச்சுல வாசிச்சோம்னு சொல்லட்டும். அப்புறம் இந்த நோட்ட நீட்டுவேன். தன் மடியில இருந்த வாத்தியத்துல கம்பி அறுந்தது ஒருத்தனுக்குத் தெரியாமப் போகுமா?"

"மத்தவங்க ஒன்பது பேர..." என்று அவளே மீண்டும் இழுத்தாள். எத்தனையோ முறை கேட்டுச் சலித்த கேள்வி அது.

"வேண்டாம்மா. தெரிஞ்சே மறைச்சாங்கன்னு சங்கம் அவங்க பேரையும் அடிச்சுடும். அவங்க நாற்காலியப் பறிச்சுத்தான் எனக்கு நல்ல பேர் வரணும்னு இல்ல. மீசை வாயிலேருந்து வரட்டும்."

"சரி. சம்மன் அனுப்பிட்டேன். இந்தக் கம்பி விஷயம் மட்டும் அவர் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா முடிஞ்சுது."

சம்மன் கிடைத்த மறுநாளே மீசை டயர் கடைப் படியேறி வந்தான். பத்து வருஷத்தில் முதல் முறை. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இப்போது நரம்பிசைக் குழுவுக்கே அவன்தான் தலைவன். வக்கீலம்மா நீதிமன்றம் போயிருந்தாள். உட்காரச் சொல்லும்வரை நின்றான்.

"எப்படிடா இருக்கே?"

"பாக்கிறியே."

மீசை பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தான். "உனக்கு உதவி பண்ணணும்னுதான்டா வந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இதுல கையெழுத்துப் போட்டுத் தரேன். அன்னிக்கு நான் வாசிச்சேன், நீயும் வந்திருந்தே. நடையில ஒன்னப் பாத்தேன், ரெண்டு வார்த்த பேசினோம். பத்தே முக்காலுக்கு. போதும்ல? அங்கேருந்து ஒன் வீட்டுப் பக்கம் போக ஒரு மணி நேரம் ஆகும். கேஸ் உடஞ்சுடும்."

"நான் நடையில நிக்கல. உன் நாற்காலியில உக்காந்திருந்தேன்."

"தெரியும்டா! அதச் சொன்னா அன்னிக்கு சத்தியம் பண்ணினது பொய்யாகும். பொய்சாட்சின்னு என்னத் தூக்கி உள்ள போடுவாங்க. நீ அங்க இருந்தேங்கிறது உண்மைதானே? உண்மைதான் சொல்றேன், கொஞ்சம் இடம் மாத்தி." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு முன்னால் குனிந்து, "அது சரி, அன்னிக்கு உள்ள ஏதாவது விசேஷமா நடந்துச்சா? எவனாவது கேட்டுத் தொலச்சா நான் முழிக்கக் கூடாது பாரு" என்றான்.

கீழே டயருக்குக் காற்று அடிக்கும் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. வயோலாக்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நானே வந்து பேசறேன்" என்றார்.

சாப்பிடும்போது தங்கையிடம் சொன்னார். அவளுடைய கணவர் சத்தம் போடாமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அண்ணன் தங்கைக்கு நடுவில் தலையைக் கொடுக்காத மனிதர்.

"வாயத் தெறக்கலேல்ல? நல்ல வேளை" என்றாள் தங்கை. "கூண்டுல ஏறட்டும். வக்கீலம்மா கேள்வியக் கேக்கட்டும். அவன் திருதிருன்னு முழிக்கறத நான் மொத வரிசையில உக்காந்து பாக்கணும். அதுக்குன்னே லீவு சொல்லிட்டேன்."

"எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரியாமலே அவன் மாட்டிக்குவான்."

"மாட்டட்டுமே!"

"எனக்கும் அதத்தானே பண்ணினாங்க."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "அண்ணா, நீ நெசமாத்தான் பேசறியா? நீ தப்பு பண்ணாதவன். அவன் பண்ணினவன். ரெண்டு பேருக்கும் ஒரே நியாயமா?"

"அட்டையில அப்படிப் பிரிச்சு எழுதலையே."

"அட்டைய எடுத்துக் குப்பையில போடு. பத்து வருஷமா எனக்கு என்ன பேருன்னு தெரியுமா உனக்கு?"

 

மறுநாள் மத்தியானம் ஒத்திகைக்கூடத்துக்குப் போனார். மீசை ஒரு தூணின் பின்னால் அவரைத் தள்ளிக்கொண்டு போனான். வழியெல்லாம் யோசித்து வைத்ததை வயோலாக்காரர் ஒரே மூச்சில் சொன்னார். "அந்தத் தாளக் கிழிச்சுப் போடு. அது பொய், எனக்கு வேண்டாம். கூண்டுல அன்னிக்குக் காலையப் பத்திக் கேப்பாங்க. என்ன கேப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உன் பழைய சத்தியத்தப் பத்தித்தான் கேள்வி. உண்மையச் சொன்னாலும் உனக்கு ஆபத்து, பொய் சொன்னாலும் ஆபத்து. உனக்குன்னு ஒரு வக்கீலப் பாரு. உன்னையே மாட்டிவிடற கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு."

மீசை அவரையே வெறித்துப் பார்த்தான். "இத ஏன்டா எங்கிட்ட சொல்றே?"

"எனக்கு யாரும் சொல்லல."

டயர் கடை அறைக்குத் திரும்பி வக்கீலம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் பேனாவை மூடி வைத்தாள். "என் சாட்சிய நீங்களே கலைச்சுட்டீங்க" என்றாள். பிறகு, "வேற யாராவதா இருந்தா நாங்கூட பாராட்டியிருப்பேன்" என்றாள். 

விசாரணை நாளன்று பத்தரை மணிவரை மீசை வரவில்லை. தங்கை சொன்னபடியே முதல் வரிசையில் உட்கார்ந்து கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கு எண்ணைக் கூப்பிட்டபோது கதவு திறந்தது. மீசையும், பக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு வக்கீலும் வந்தார்கள். வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

கூண்டில் ஏறியதும் நீதிபதி மீசையிடம், "உங்களைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. புரிகிறதா?" என்று கேட்டார்.

"புரியுதுங்க."

வக்கீலம்மா எழுந்தாள். குரலில் ஒரு அவசரமும் இல்லை. "அன்னிக்குக் காலையில ஒலிப்பதிவு நடுவுல எங்கயாவது நின்னுச்சா?"

மீசை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். வயோலாக்காரரைப் பார்த்தான். அவருடைய இடது கை விரல்கள் வலது முன்கையில் பதிந்திருந்தன, அசையவில்லை. மின்விசிறி நான்கைந்து சுற்று சுற்றியது. மீசையின் உதடு பிரிந்தது. அவனுடைய வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"பதில் சொல்ல விரும்பலைங்க" என்றான் மீசை.

"அந்த நாற்காலியில உக்காந்திருந்தது நீங்கதானா?"

"பதில் சொல்ல விரும்பலைங்க."

ஐந்து கேள்வி, ஐந்துக்கும் அதே பதில். நோட்டை நீட்ட இடமே கிடைக்கவில்லை. அரசு வக்கீல் எழுந்து, சாட்சி மௌனமாக இருப்பதால் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது, இந்த மனுதாரரே ஊர் ஊராகப் போய் அதைத்தானே பிரசாரம் செய்கிறார் என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சொன்னது சட்டப்படி சரி என்று நீதிபதியும் ஒப்புக்கொண்டார். வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். "மூணு வாரம் குடுங்க" என்றாள் வக்கீலம்மா. என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. கொடுத்தார். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது என்றார் நீதிபதி.

வெளியே நடையில் மீசை எதிரே வந்தான். தாண்டிப் போயிருக்கலாம். நின்றான். "நீதான்டா சொன்னே" என்றான். நியாயம் பேசுகிறானா, மன்னிப்புக் கேட்கிறானா என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் வயோலாக்காரர். 

பேருந்தில் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து ஐந்து நிறுத்தம்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறாவது நிறுத்தத்தில், திரும்பாமலே, "இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க" என்றாள்.

"அவங்கள எதுக்கு..."

"மீசைக்கு எச்சரிக்கை சொல்லத் தெரிஞ்சுதுல்ல? உரிமை அது இதுன்னு நீட்டினேல்ல? இவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்க மட்டும் என்னவாம்? நீ யாரையும் காப்பாத்தலண்ணா. முடியாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம் உனக்கு. அவ்வளவுதான்."

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் எங்கே போக வேண்டும் என்று யோசித்தார்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான செல்லோக்காரம்மா ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். அன்றைக்கு வயோலா நாற்காலிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வாசித்தவள் அவள்தான். வயதில் மூத்தவள், இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் கதவின் மேல் கையை வைத்தபடியே நின்றுவிட்டாள். உள்ளே, நெஞ்சளவு உயரமுள்ள வயலின் மாதிரி, ஒரு செல்லோ சுவரில் சாய்ந்திருந்தது.

அவர் வாசலிலேயே நின்று, ஆலை வாசலில் நூறு முறை சொல்லிப் பழகியதைப் போலச் சொன்னார். "அக்கா, என் கேஸ் விஷயமா வந்திருக்கேன். ஒரு கேள்வி கேக்கணும். நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா உங்க நாற்காலிக்கு ஆபத்து வரலாம். யோசிச்சு, ஒரு வக்கீல வச்சுக்கிட்டு அப்புறம் சொல்லலாம். கதவ மூடினாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"என்ன கேள்வி?"

"அன்னிக்கு அந்த நாற்காலியில யார் இருந்தாங்க?"

அவள் முகம் சிவந்தது. பயத்தால் என்று நினைத்தார். "சம்மன் வரும் வரும்னு ஒரு வருஷம் நான் வெளியூர் வேலை ஒத்துக்கல, தெரியுமா?" என்றாள். "தபால்காரன் வந்தா நெஞ்சு அடிச்சுக்கும். ஒருத்தரும் கேக்கல. போலீசும் கேக்கல, உன் வக்கீலும் கேக்கல. நானா போய்ச் சொல்லத் துணிச்சல் இல்ல, அது என் தப்பு. ஆனா நீயும் கேக்கலையே? வெளிய வந்து மூணு வருஷமாச்சு!"

"உங்க நாற்காலி போயிடுமேன்னு..."

"என் நாற்காலியப் பத்தி முடிவு பண்ண நீ யாரு?"

 அவள் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். "கேட்டுட்டேல்ல, சொல்றேன். நீதான் இருந்தே. பதினொரு மணிக்கு மேல ரெண்டாவது பாட்டு, நீ வில்ல எடுத்து..."

கேட்கக் கேட்க அவருடைய காது தவித்தது. பத்து வருஷமாக இன்னொருவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஏங்கிய வார்த்தைகள் அவை. இன்னும் ஒரே வாக்கியத்தில் கம்பிக்கு வந்துவிடுவாள். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"நிறுத்துங்கக்கா. இப்ப சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. நான் சொல்லிக் குடுத்தேன்னு ஆக்கிடுவாங்க. மொதல்ல உங்களுக்கு ஒரு வக்கீல்."

பாதி வாக்கியத்தோடு அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு, "சரியான ஆளுப்பா நீ" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றி எடுத்து வந்தாள். "கோர்ட்டுத் தேதி என்ன?"

அவர் தேதியைச் சொன்னார். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு கால்ஷீட் எழுதியிருந்தது. அவள் அதைக் கோடு போட்டு அடித்தாள்.  மீதி எட்டுப் பேரில் யார் யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று, அவர் கேட்காமலே, அதே நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.